முழு விசையில் இடப்பக்கம் இழுத்த வண்டி

அண்ணாச்சி,

மதினி உங்கள் ரிமோட் காரை எனக்கே கொடுத்துவிட்டார்கள். எனக்கு இது எதற்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சரவெடிப் பெட்டி ஒன்றில் போட்டுக் கட்டித் தந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் வெடிமருந்து வாடையும் கருகிய ரப்பர் வாடையும் சேர்ந்து அடித்தன. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உங்கள் சட்டையில் அடித்த அதே வாடை.

துபாயிலிருந்து வந்த உங்கள் மருமகன் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பயந்துபோய் உங்கள் வீட்டில் விட்டுப்போன வண்டி இது. முழங்கை நீளம்தான். பாட்டரியை மாட்டி விசையை அழுத்தினால் டவுன் பஸ்ஸை முந்தும். எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் போர்மேனான நீங்களும், திருத்தங்கல் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் நானும், ஐம்பதைத் தொட்ட வயதில், பிளாட் போட்டு ஒரு வீடுகூட எழும்பாத அந்தத் தார் ரோட்டில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பிரித்து மாட்டினோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டோம்.

பாட்டரியை மணல் வாளிக்குள் வைத்துத்தான் சார்ஜ் ஏற்றுவீர்கள். வண்டி பாதியில் நின்றால் என்னைக் கிட்டே போக விடமாட்டீர்கள். "பொறுங்க தம்பி. வெடிக்காத வெடிகிட்ட ஓடுவீகளா?" என்று கையைப் பிடித்துக்கொள்வீர்கள். ஒருநாள் அப்படி நின்ற வண்டி, நாம் காத்திருக்கும்போதே தானாகச் சீறிக் கிளம்பி பிளாட் கல்லில் மோதியது. அதன்பிறகு நீங்கள் சொல்லாமல் நான் கிட்டே போனதில்லை. என் பங்குக்குக் காகிதம். மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்துக்கும் அது சுழற்றும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். அதற்கு எந்தத் தாளைச் செருகி அளவு பார்ப்பது என்று தடவிப் பார்த்தே சொல்வேன். காலண்டர் தாள் தடிமன், பில் புத்தகத் தாள் மெலிசு. கடைசியில் பட்டாசு லேபிள் தாள்தான் சரியாக நின்றது.

உங்களிடம் இன்னொரு கண்டிப்பும் உண்டு. "ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்ட மாத்துனா எதுனால ஆச்சுன்னு எவனுக்குத் தெரியும்?" என்பீர்கள். நான் அவசரக்குடுக்கை. வேகத்தைக் கூட்ட மோட்டார் பல்சக்கரத்தை மாற்றிய அன்றே, விளிம்பை விட்டுக் கழன்றிருந்த பின்பக்க வலது டயரையும் ஒட்டிவிட்டேன். டயர் பசை தீர்ந்திருந்தது. பையில் கிடந்த பைண்டிங் பசையை வைத்தேன். புத்தகமே பிரியாது, டயரா பிரியும் என்று மனசுக்குள் பெருமை வேறு. நீங்கள் டீ வாங்கப் போயிருந்தீர்கள். திரும்பி வந்ததும் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து வண்டி இடப்பக்கம் இழுத்தது. நாலு ஞாயிறு தேடினோம். பல்சக்கரத்தைப் பார்த்தோம், முன் சக்கரங்களின் கோணத்தைப் பார்த்தோம், ரோட்டின் சரிவைக்கூடத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். என் கையில் வண்டி நேராகப் போனது, உங்கள் கையில் இழுத்தது. நீங்கள் முழு விசையும் அழுத்துகிறவர், நான் முக்கால் விசைக்கு மேல் அழுத்தப் பயந்தவன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் கண்ணில் பட்டது உங்கள் வலது கட்டைவிரல்தான். அதில் மேல் கணு கிடையாது, எப்போதோ கம்பெனியில் போனது. அந்தக் கையால்தான் ரிமோட்டில் ஸ்டீயரிங்காக இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்புவீர்கள்.

"வண்டில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒங்க வெரலுதான் நிக்க மாட்டேங்குது" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டு, இருக்கும் என்றீர்கள். அடுத்த ஞாயிறு சீசன் லோடு என்று வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறுகளிலும் வரவில்லை. தீபாவளி கழிந்த வாரம் உங்களுக்கு நெஞ்சுவலி என்று தகவல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போன ஞாயிறு அதே ரோட்டில், முதல் முறையாக முழு விசையும் அழுத்தினேன். பத்து விரலும் முழுசாக இருக்கிற என் கையில் வண்டி இடப்பக்கம் இழுத்துப் புழுதியில் புரண்டது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் இரண்டு செங்கல்மேல் வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரங்களை அந்தரத்தில் சுழலவிட்டு, போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தேன். பின்பக்க வலது டயர் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியது. இடது டயர் உப்பவில்லை. விசையைக் குறைத்ததும் ஒன்றும் நடக்காததுபோல் அடங்கிவிட்டது. நகத்தால் நெம்பினேன். என் பைண்டிங் பசை சூட்டில் இளகித் தோலாக உரிந்து வந்தது. வலது சக்கரம் பெருத்தால் வண்டி இடப்பக்கம்தானே போகும்? இவ்வளவுதானா என்று சிரித்தே விட்டேன். உங்களிடம் சொல்வதற்காகப் போனில் உங்கள் பெயரைத் தேடவும் தொடங்கிவிட்டேன்.

மதினியிடம் போய்ச் சொன்னேன், பசையிலிருந்து உங்கள் விரலைக் குறை சொன்னதுவரை எல்லாவற்றையும்.

"அதான் பாத்தேன். கடைசி ரெண்டு மாசமா காப்பி டம்ளரக்கூட எடது கைலதான் பிடிச்சாக தம்பி" என்றார்கள்.

சரியான பசை வாங்கி ஒட்டிவிட்டேன். முழு விசையிலும் வண்டி கோடு கிழித்தாற்போல் போகிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் காப்பி டம்ளர்தான் என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மன்னித்துவிடுங்கள் அண்ணாச்சி. உங்கள் விரல் சரியாகத்தான் திருப்பியது.