திருப்பி அனுப்பியவள்

செயிண்ட் ஹெலினா தீவு
1926 பிப்ரவரி 9, செவ்வாய்

கர்த்தருக்குள் அன்பான தங்கை மிண்டாவுக்கு உன் அக்கா பீனா எழுதிக்கொள்வது.

முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. நியூயார்க்கில் பனி இடுப்பளவு கிடக்கிறதாமே, அதில் நடந்து போய்த்தான் அந்த வீட்டுக்காரிக்குச் சமைத்துப் போட வேண்டுமா? இங்கே பனி இல்லை, ஆனால் எலும்புக்குள் இறங்குகிற ஈரக்குளிர். சிப்பி ஆலையில் ஓடு உடைத்து உடைத்து விரலெல்லாம் வெட்டு. அதனால்தான் எழுத்து கோணல்.

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. அடிமைக் காலத்துக் கங்காணி டைட்டஸின் மகன் ரெண்டி ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறான். சவன்னா துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கினான், குடித்தான், சீட்டாடினான். இப்போது ஐம்பத்தெட்டு வயதில் ஐயாவுக்கு ஆண்டவர் ஞாபகம் வந்துவிட்டது. நம் ஜெபவீட்டில் சேர வேண்டுமாம். சாங்கோ மூப்பர் அவன் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நீ ஊரை விட்டுப் போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது, வழக்கமெல்லாம் மறந்திருப்பாய். சேர விரும்புகிறவன் இருட்டும்போது காட்டுக்குப் போய் ஜெபம் பண்ணி விடியும்போது திரும்ப வேண்டும். கனவில் ஒரு முகம் காட்டப்படும். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர்தான் அவனுக்கு ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ. அவர்களிடம் ஒவ்வொரு கனவையும் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். "கடந்து வந்துட்டே" என்று அவர்கள் சொன்னால்தான் ஞானஸ்நானம். கடலோடு ஏறி இறங்கும் ஓடைத் தண்ணீர் வற்றி இறங்கும் நேரம் பார்த்து முக்குவார்கள்.

மூன்றாம் நாள் ரெண்டிக்கு முகம் காட்டப்பட்டது. யார் முகம் தெரியுமா? என் முகம்.

மூப்பர் என் வாசலில் வந்து நின்று சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "ஊர்ல வேற பொம்பளையே இல்லையா? அந்த வீட்டு நிழல்கூட என் முற்றத்துல விழக்கூடாது" என்றேன். அவர் அசையவில்லை. "கனவை அனுப்பினவரைத்தான் நீ வேண்டாங்கிறே, பீனா. அப்புறம் பின்பெஞ்சுதான் உனக்கு" என்றார். முப்பது வருஷமாக முன்பெஞ்சில் உட்கார்ந்து பாட்டெடுத்துக் கொடுக்கிறவள் நான். குற்றவாளிகளோடு பின்னால் போய் உட்காருவேனா? சரி, வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கோபப்படாதே. முழுக்கப் படி. அவன் அப்பன் அம்மாவுக்குச் செய்ததை அம்மா உனக்கு முழுசாகச் சொன்னதில்லை, நீ சின்னவள். எனக்குச் சொன்னாள். அன்றைக்கு அளந்துவிட்ட பருத்தி வேலையை அவளால் முடிக்க முடியவில்லை, எட்டு மாசம் அவளுக்கு. வயிறு வைக்க மண்ணில் குழி தோண்டி, குப்புறப் படுக்கவைத்து, டைட்டஸ் அடித்தான். மூன்றாம் நாள் பிறந்தது ஆண் பிள்ளை. மூச்சில்லை. அந்த வயல் ஓரத்திலேயே புதைத்தார்கள். நமக்கு ஓர் அண்ணன் இருந்திருக்க வேண்டும், மிண்டா. டைட்டஸும் அடிமைதானே, அடிக்காவிட்டால் அவன் முதுகு உரிந்திருக்கும் என்று, பிள்ளை விஷயம் தெரியாத மூப்பர் நியாயம் பேசுகிறார். இருக்கட்டும். சாட்டை யார் கையில் இருந்தது? அந்த வீட்டுக்காரர்களை மன்னிக்கமாட்டோம் என்று அம்மாவின் கடைசி மூச்சில் நாம் இருவரும் அவள் கையைப் பிடித்துச் சொன்னோம். நான் மறக்கவில்லை.

கடந்து வந்தானா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் என்னுடையது. மூப்பரும் அதில் தலையிட முடியாது. இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் "இன்னும் வரலை, போ" என்று திருப்பி அனுப்பினேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறான். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவன், என்னை அம்மா என்கிறான். கர்த்தர் அவனை என் கையில் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

உன் மார்வலிக்கு ஒழுங்காக மருந்து சாப்பிடு. உன்னை எப்போதும் ஜெபத்தில் நினைக்கும்,
அக்கா பீனா

❖

1926 பிப்ரவரி 22, திங்கள்

பிரியமுள்ள மிண்டாவுக்கு ஸ்தோத்திரம்.

உன் பதில் கிடைத்தது. ஒன்பது தடவை அனுப்பு, பன்னிரண்டு தடவை அனுப்பு, அம்மா மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு ஆலைக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தேன். பிறகு ஏனோ சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுது. அண்ணன் விஷயத்தை நீ யாரிடமாவது சொன்னாயா? சவன்னாவிலிருந்து வந்தவர்கள் யாரிடமாவது, வாய்தவறி?

ஏன் கேட்கிறேன் என்றால், போன செவ்வாய்க்கிழமை காலையில் ரெண்டி வந்தான். ஆறாவது தடவை. மழையில் நனைந்து இருமிக்கொண்டு வந்தான். நான் கதவைத் திறந்தேன், உள்ளே கூப்பிடவில்லை. படியில் நின்றபடியே கனவைச் சொன்னான். "பழைய பருத்தி வயல்மா. பெரிய ஓக் மரத்துக்குப் பக்கத்துல மண்ணுல ஒரு குழி. உள்ள ஒரு பச்சப் புள்ள, ஆம்பளப் புள்ள. தூக்கினேன், கனமே இல்ல. யார் புள்ளைன்னு தெரியல. கொண்டுபோய் அவகிட்டக் குடுன்னு சத்தம் கேட்டுச்சு. உங்க வீட்டு வாசலுக்கு வந்தேன், முழிச்சிட்டேன்" என்றான்.

கதவைப் பிடித்துக்கொண்டேன். அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். தெரிந்துகொண்டு நடிக்கிறானா என்று பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. குளிரில் உதடு நீலமாகி, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான்.

நான் எத்தனையோ பேருக்கு ஞானத்தாயாக இருந்தவள். கடந்து வந்தவன் கனவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவன் வாய் திறந்த உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் "இன்னும் வரலை, போ" என்றேன். அவன் "சரிம்மா" என்று போய்விட்டான்.

அதற்கப்புறம் அவனை மூன்று தடவை அனுப்பிவிட்டேன். உன் கணக்கு ஒன்பது சரியாகிவிட்டது, சந்தோஷமா? மார்ச் ஏழாம் தேதி ஞானஸ்நானம். அதற்குள் நான் சொல்லாவிட்டால் அவன் அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த இருமலோடு அடுத்த வருஷம் அவனுக்கு உண்டா என்பது வேறு விஷயம். சாங்கோ மூப்பர் ஆலை வாசலிலேயே என்னை நிறுத்தி, "அந்த மனுஷன் செத்துருவான் பீனா. என்னதான் நினைச்சிட்டிருக்கே?" என்றார். என் பொறுப்பு, உங்கள் வேலையைப் பாருங்கள், நான் யாருக்கும் அடிமை இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜெபவீட்டில் பாட்டெடுக்கும்போது எனக்குக் குரல் வரவில்லை. சளி பிடித்திருக்கும். வேறொன்றும் இல்லை.

உடனே பதில் எழுது.
பீனா

❖

1926 மார்ச் 8, திங்கள்

என் மிண்டா,

நீ யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதிய கடிதம் சனிக்கிழமை வந்தது. அது வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன். படித்து முடிக்கும் வரை என்னைத் திட்டாதே.

போன செவ்வாய் விடிந்து சூரியன் நன்றாக ஏறிய பிறகு ரெண்டியின் மனைவி டைரா என் வாசலுக்கு வந்தாள். தலையில் துணிகூட இல்லை. காட்டுக்குப் போனவன் திரும்பவில்லையாம், ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறதாம். மூப்பரிடம் சொல்லி ஆட்களை அனுப்பச் சொல்லு, என்னிடம் எதற்கு வந்தாய் என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், மிண்டா, மறைக்கமாட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவங்கப்பன் சாட்டைய எடுத்தாரு. நீ வாய எடுத்திருக்கே. அன்னிக்கு வேலை முடிக்கலன்னு திருப்பி வயலுக்கு அனுப்பினாங்க. நீயும் அதத்தானே செய்யறே? யாருடி இப்ப கங்காணி?" என்று கேட்டாள்.

அறுபது வயதான என்னை ஒருத்தி 'டி' போட்டுப் பேசிவிட்டாள், எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஆட்கள் ஓடைப் பக்கம் தேடப் போனார்கள். நான் பழைய பருத்தி வயலுக்குப் போனேன். அவன் கனவில் சொன்ன இடம் எனக்குத் தெரியும், அம்மா கையை நீட்டிக் காட்டிய இடம். முழங்கால் வலியோடு முள்ளிலும் சேற்றிலும் விழுந்து எழுந்து போனேன். கர்த்தாவே, அவன் உயிரோடு இருக்கட்டும், அவன் உயிரோடு இருக்கட்டும் என்று கத்திக்கொண்டே போனேன். முன்பெஞ்சில் உட்கார்ந்து முப்பது வருஷம் நான் பண்ணியதெல்லாம் ஜெபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஓக் மரத்தடியில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான், தொப்பியைத் தேடினான். "இன்னிக்காச்சும் வந்துருச்சாம்மா?" என்று கேட்டான்.

நான் அவன் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தேன். அன்றைக்கே வந்துவிட்டது, நான் தெரிந்தே பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது. "அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் தூக்கி வந்த பிள்ளை யாருடையது என்றும் அங்கேயே சொன்னேன். அவன் அப்பன் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவன் பக்கத்திலிருந்த மண்ணை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு ஆட்கள் வந்து தூக்கிப் போனார்கள். டைரா அவனைக் கம்பளியில் சுற்றி, சோளக்கஞ்சி ஊட்டி, மூன்று நாளில் உட்காரவைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஜெபவீட்டில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். கனவை மறைத்தது, பொய் சொன்னது, ஒன்பது தடவை அனுப்பியது, எல்லாம். நானே எழுந்து போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்ததும் மூப்பரிடம் போய் என் தலையில் வெள்ளைத் துணி கட்டச் சொன்னேன். அவர் திகைத்துவிட்டார். "நீ பதினாலு வயசுல கடந்து வந்தவளாச்சே" என்றார். அப்போது எனக்கு நன்றாகப் பாடத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான், என்னிடம் ஒன்றுமே இல்லை என்று சொன்னேன். அவர், "வெறுங்கையோட வந்திருக்கே. இப்பத்தான் ஏதாச்சும் வாங்க முடியும்" என்றார்.

நேற்று ஞானஸ்நானம். தண்ணீர் இறங்கும் நேரத்தில் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ரெண்டியை இறக்கினார்கள். இவன் கடந்து வந்தவன் என்று ஞானத்தாய் சாட்சி சொல்ல வேண்டும் அல்லவா? கரையில் பின்பெஞ்சுக்காரர்களோடு நின்றிருந்த நான் சத்தமாகச் சொன்னேன். அவன் முங்கி எழுந்ததும் டைரா அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள். என்னால் அவள் பக்கம் போக முடியவில்லை.

மன்னித்துவிட்டாயா என்று நீ கேட்பாய். இல்லை, மிண்டா. பொய் சொன்னது போதும். அம்மா பட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. டைட்டஸ் பெயரைக் கேட்டால் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் நானும் ரெண்டியும் சுதந்திரத்தில் பிறந்தவர்கள், அம்மா சுதந்திரத்தில் செத்தாள், அப்படியிருந்தும் அந்தச் சாட்டை எப்படி என் கைக்கு வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அதைக் கீழே போடுவதற்குக்கூட என்னிடம் பலம் இல்லை. யாராவது என் விரலைப் பிரித்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை என் பங்குக்கு நான் விட்டுவிட்டேன். உன் பங்கை விடு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் துரோகி என்று உனக்குத் தோன்றினால் அதையும் எழுது. திட்டியாவது எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, எனக்கென்று இருப்பது நீ ஒருத்திதான்.

இன்று சாயங்காலம் காட்டுக்குப் போகிறேன். ஆலையில் சொல்லிவிட்டேன். எனக்கு எந்த முகம் காட்டப்படும் என்று தெரியாது. ரெண்டியின் முகமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அப்படி இருந்தால் அவன் வாசலில் போய் நிற்பேன். "இன்னும் வரலை, போ" என்று அவன் சொன்னால் சரி என்று சொல்லித் திரும்புவேன், எத்தனை தடவை ஆனாலும்.

எனக்காக ஜெபம் பண்ணு, கண்ணே. கர்த்தர் உன்னை அந்தப் பனியில் சறுக்காமல் நடத்தட்டும்.

உன் அக்கா,
பீனா