தொப்பியைக் கழற்றிய ரூசோ

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

இங்கே இருவரும் நலம். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். நாம் பேசும்போது வாலு என் தோளில் சாய்ந்து ஒட்டுக்கேட்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நானே சரிசெய்தேன் என்று சொல்ல ஆசைதான். பிளம்பர் வந்துதான் செய்தார். உன் நீலப் போர்வையை வாலு எடுத்துக்கொண்டாள். துவைக்கக் கேட்டால் தர மாட்டேன் என்கிறாள்.

பள்ளியில் இந்த வாரம் என் கூத்து. ஒன்பதாம் வகுப்புக்கு அறிவொளிக் காலப் பாடம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, சீட்டுக் குலுக்கி, ஆளுக்கொரு தத்துவ அறிஞர் வேடம். சார்ட் பேப்பரில் தொப்பி, காதோரம் பஞ்சு முடி. தொப்பி தலையில் இருக்கும்வரை அந்த ஆளாகத்தான் பேச வேண்டும். சொந்தக் கருத்தைச் சொல்வதென்றால் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். இந்த வருடம் நம் வாலுவும் அந்த வகுப்பில். என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறாள், ஒரு தடவைகூட வாய் தவறி ‘அப்பா’ வரவில்லை.

ஹாப்ஸ் வேடம் ஒரு நெட்டையனுக்கு. “எல்லா அதிகாரத்தையும் ஒரே ஆள்கிட்ட குடுத்துடுங்க, அப்பதான் அடிதடி இருக்காது” என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாக மின்விசிறி சுவிட்சைக் கைப்பற்றிக்கொண்டான். வியர்த்துப்போன வகுப்பு புரட்சியில் இறங்கியது. தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்து, இது வகுப்பா சந்தைக்கடையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாலுவுக்கு ரூசோ சீட்டு விழுந்தது. அது எங்கே போய் முடியும் என்று நான் யோசிக்கவே இல்லை. ரூசோ குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர். பெற்ற குழந்தைகள் ஐந்தையும் அநாதை விடுதியில் விட்டவர். அதை ஒரு கேள்வியாக வால்டேர் சீட்டில் வருடா வருடம் எழுதிவைப்பவன் நான்தான். வகுப்பு சூடுபிடிக்கும் என்று ஒரு ஆசை.

வால்டேராக வந்த கண்ணாடிக்காரி அந்தச் சீட்டைப் பார்த்துக் கேட்டேவிட்டாள். வாலு தயங்கவில்லை. “என்னைவிட அவங்க நல்லாப் பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன்” என்றாள். படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கண்ணாடிக்காரி விடாமல், “பிள்ளைங்க உங்களைத் தேடியிருக்குமே?” என்றாள். அது சீட்டில் இல்லாத கேள்வி.

வாலு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “தேடும். ஆனா கேட்டா, தேடலைன்னுதான் சொல்லும்” என்றாள். சொல்லிவிட்டுத் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, “அடுத்த கேள்வி” என்றாள்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியிருந்ததையே மறுபடி எழுதினேன்.

நீ ரூசோ இல்லை. யாரையும் விட்டுப் போகவும் இல்லை. நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் நீ அந்த ஊர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாய். ஆனால், ஆளப்படுகிறவர்களின் சம்மதம் வேண்டும் என்று பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறவன் நான். அன்றைக்கு அவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

இப்போது உனக்கு வார்டு பொறுப்பைக் கொடுத்து, இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். உனக்குக் கிடைத்ததில் எனக்குத்தான் முதல் பெருமை. ஆசிரியர் அறையில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. போன ஞாயிறு போனில் அவள், “போடும்மா கையெழுத்து, எங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றாள். அதற்கு முன்னால் போட்ட கடிதத்தில் நானும், இங்கே ஒரு குறையும் இல்லை, உன் இஷ்டம் என்று எழுதியிருந்தேன்.

அது தொப்பி போட்டுக்கொண்டு எழுதியது.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் இன்னமும் உன் செருப்பு இருக்கும் இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். இரண்டு வருடமாக அந்த இடத்தில் நாங்கள் எதையும் வைப்பதில்லை. பேசி வைத்துக்கொண்டது இல்லை, அவளும் வைப்பதில்லை.

முடிவு உன்னுடையது. நீ அங்கேயே இருக்கிறேன் என்றால் நாங்கள் இங்கே இருப்போம், கோபப்பட மாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால், தொப்பி மேசைமேல் இருக்கிறது, வந்துவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாக இரு.

உன்னைத் தேடும்,
வாத்தியார்