செல்வம் தலைகீழாகச் சொன்ன எண்கள்

9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஃபேக்டரி முதலுதவி அறை ஏ.சி. மறுபடி ஓடவில்லை. கண் சொட்டு மருந்து தீர்ந்தது, கேட்டு எழுத வேண்டும்.

சிகரெட் விடச் சம்மதித்தவர்களுக்கு இரண்டாம் கவனச் சோதனை. நான் எண்களை வாசிப்பேன், அவர்கள் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். போன வாரம் செல்வம் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. விட்டு இன்று மூன்றாம் நாள். பாதியிலேயே முழித்தான்.

"இன்னா சிஸ்டர், மண்டை ஃபுல்லா பஞ்சு அடைச்ச மாதிரி கீது."

"கொஞ்ச நாள் பல்லக் கடிச்சிக்கோப்பா, தெளிஞ்சிடும்."

"நீங்க சொல்றீங்கன்னுதான்."

வல்லம் வடகால்காரன், என் தம்பி வயது. லைனில் வரும் பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கவனம்தான் சோறு.

10, செவ்வாய்
மழை போக்குக் காட்டிவிட்டுப் போனது. செவ்வாயும் சனியும் கம்பெனி டாக்டர் வரும் நாள். சோதனைத் தாளைக் கேட்டார். பெயர்களை எடுத்துவிட்டுத் தரட்டுமா என்றேன். "எனக்கு மட்டும்தாம்மா. யாருகிட்ட காட்டப் போறேன்?" கொடுத்தேன். என் அம்மா ஆபரேஷனுக்குக் கூடவே இருந்தவர்.

12, வியாழன்
லைனில் செல்வம் இல்லை. லோடிங் பக்கம் தள்ளுவண்டி இழுக்கிறான். சூப்பர்வைசரைக் கேட்டேன். "கவனம் பத்தலன்னு ரிப்போர்ட். உங்க ரூம்லேர்ந்துதான் வந்துச்சு." அந்தச் சோதனைத் தாளைக் காட்டினார். என் கையெழுத்து. அவன் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு, அது நான் போட்டதல்ல.

டாக்டருக்கு போன். "மேனேஜ்மென்ட் கேட்டா என்ன பண்றது? டெஸ்ட் எடுத்தது நீதானேம்மா?"

நீதானே. புகைத்துக்கொண்டிருந்த வரைக்கும் அவன்மேல் ஒரு புகாரும் கிடையாது.

13, வெள்ளி
எச்.ஆரிடம் போய் நின்றேன். விட்ட புதிதில் அப்படித்தான் இருக்கும், பிறகு மறுபடி சோதித்துப் பாருங்கள் என்றேன். "அதுவரைக்கும் லைன் காத்துக்கினு இருக்குமா சிஸ்டர்?"

ஷிஃப்ட் விட்டதும் கேட் எதிரே டீக்கடை. செல்வம் கையில் சிகரெட். மறைக்கவில்லை.

"கேளு. இப்ப நம்பர் கேளு."

அவனே திங்கட்கிழமை எண்களை மடமடவென்று தலைகீழாகச் சொன்னான். ஒன்றும் பிசகவில்லை.

"நான் குடுக்கலடா. டாக்டர்தான்..."

"உன் எழுத்தத்தான் காட்டுனாங்க. உன்ன நம்பித்தானே விட்டேன்?"

பஸ்ஸில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன்.

14, சனி
வெயில். டாக்டர் வந்தார், குட் மார்னிங் என்றார். நான் பதிவேட்டைத் திறந்து தேதி போட்டேன்.

மூன்று பேர் வந்தார்கள். தலைவலி, விரலில் வெட்டு, நெஞ்சு இறுக்கம். புகை உண்டா என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர்." மூவரும் அதையே. நெஞ்சு இறுக்கக்காரன் சட்டையில் குப்பென்று சிகரெட் வாடை. அவன் கண் என் பேனாவிலேயே இருந்தது.

இல்லை என்றே எழுதினேன்.