ஜாடிப் புழுக்கள்

ஆவணி 12, செவ்வாய்.

என் ஜாடிகளில் ஆமணக்கு இலை தின்ற புழுக்கள் எல்லாம் பிழைத்துக் கொழுத்தன. வேர்க்கடலை இலை தின்றவற்றில் பாதி செத்துப்போயின. அதை நம்பித்தான் மேனாம்பேட்டு முனியம்மாளிடம், "கடலை வரப்பில் ஆமணக்கு வை. பூச்சி அதில்தான் முட்டையிடும். அந்த இலைகளைக் கிள்ளிக் கொளுத்திவிடு" என்று சொல்லியிருந்தேன். இன்று போய்ப் பார்த்தால் ஓர் இலையும் கிள்ளவில்லை. புழு கடலையில் இறங்கிவிட்டது. கத்திவிட்டேன்.

"புள்ளைக்கு அம்மை வார்த்திருந்திச்சு சாமி. அம்மை கீற ஊட்ல உசுரக் கொல்லலாமா?" என்றாள்.

"இப்போ பிள்ளை எப்படி இருக்கிறான்?"

"நேத்து எங்கள வுட்டுட்டுப் பூட்டான் சாமி."

விவசாய இலாகா துரைக்கு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. ஜாடிப் புழுக்களுக்கு வழக்கம்போல் ஆமணக்கு இலை போட்டேன். தின்னும் சத்தம் இங்கே வரை கேட்கிறது.