பூ வேனின் பின்கதவு

செல்வி அப்பாவுக்கு,

சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் மூடி வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும், மல்லிகை வரத்து இல்லாத நாளில், நம் பூ வேனிலேயே படுத்துக்கொண்டு கொடைக்கானல் மலையைச் சுற்றலாம் என்றீர்கள். பூ வாடையில் தலை வலிக்கும் என்றேன். “கழுவிட்டேன், வேணும்னா படுத்துப் பாரு” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள்.

விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துப் பார்த்தேன். தலை வலிக்கவில்லை. எழுந்தால் கதவு திறக்கவில்லை. உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. பூவுக்கு எதற்குக் கைப்பிடி? நான் தட்டியது உங்கள் தூக்கத்துக்குக் கேட்கவில்லை. பால்காரர்தான் திறந்துவிட்டார்.

பூட்டுப் பட்டறையில் சொல்லி உள்ளே ஒரு கைப்பிடி போடுங்கள். செல்வியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன்.

ஆனந்தமேரி

பி.கு.: மூன்று கம்பளியும் கொடியில் காய்கிறது. வெயில் தாழ்ந்ததும் மடித்து வேனில் வையுங்கள்.