மேடைக்கு முதுகு காட்டும் ஊர்வலம்

2019 மார்ச் 4, திங்கள். காலை 7.40. பலகைகள்: பன்னிரண்டு.

நாடக அரங்கின் வலப்பக்கச் சுவருக்கான, கிரேக்க மதுக் கடவுள் டயோனிசஸின் ஊர்வலம் வார்த்து முடிந்தது. ஈரத்தில் உதிரும் பழைய புடைப்புச் சிற்பங்களை ஸ்கேன் செய்தேன், கணினி இயந்திரத்தில் அச்சு வெட்டினேன், அரங்கின் பழைய வேலையாள் ஃபோட்டிஸ் பிளாஸ்டர் ஊற்றினார். ஞாயிறு கார்னிவல் ஊர்வலம். அதற்குள் சுவர் நிறைய வேண்டும். மேடையை ஒட்டிய பழைய பலகை மட்டும், தேரில் கடவுள், திடமாக இருப்பதால் அப்படியே நிற்கிறது.

மார்ச் 6

ஃபோட்டிஸ் மாட்டியாயிற்று. கடவுள் மேடைக்குப் போகிறார், ஆட்டுக்காலும் கிண்ணமுமாக வரும் அவர் கூட்டமெல்லாம் கழிவறைக்குப் போகிறது!

"எந்தப் பக்கத்திலிருந்து மாட்டினீங்க?" என்று கத்தினேன்.

"எந்தப் பக்கமிருந்து மாட்டினாலும் ஆட்டுக்காலன் மூஞ்சி அந்தப் பக்கம்தானே, இன்ஜினியரே? கழுத்தத் திருகி விடட்டுமா?" என்றார் ஃபோட்டிஸ்.

கேட்கும் பொறுமை எனக்கில்லை. முதலாளியம்மா ஆண்ட்ரியானாவிடம், மாட்டியவர் தவறு என்றேன். "நாளையிலேருந்து வராதீங்க" என்று அம்மா ஃபோட்டிஸை அனுப்பிவிட்டார். பதினேழு வருட வேலை.

மார்ச் 7

வேறு ஆள் தேடுகிறார்களாம். ஊரே குடித்துக் கூத்தாடும் கார்னிவல் வாரத்தில், இந்தப் பட்ராஸில், கால் தடுமாறாமல் ஏணியில் நிற்க ஓர் ஆள்!

மார்ச் 8

வரிசையை மாற்றி மாட்டினாலாவது சரியாகுமா என்று பழைய சிற்பங்களின் புகைப்படத்தை எடுத்தேன். அதில் கிண்ணங்கள் வலக்கையில். சுவரில் எல்லாம் இடக்கையில்.

என்னடா பண்ணி வச்சிருக்கே? அச்சு பள்ளமாக வர ஆழத்தைத் திருப்பினேன் - இடவலத்தைத் திருப்பவே இல்லை, வார்ப்பு கண்ணாடிப் பிம்பமாக வந்துவிட்டது. சோதனைக்கு வார்த்தது பாம்புக் கூந்தல்காரி மெடூசாவின் தலை. அவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். சரியாக வந்ததும் பன்னிரண்டையும் வெட்டித் தள்ளிவிட்டேன். முட்டாள்.

ஃபோட்டிஸை போனில் அழைத்தேன். தப்பு என்னுடையது என்றேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் புதன்கிழமையே தெரியுமே. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க." வைத்துவிட்டார்.

நாளை:

1. எட்டு மணிக்கு முதலாளியம்மா. தவறு என் கணினிக் கோப்பில், ஃபோட்டிஸ் மேல் இல்லை. 'இயந்திரக் கோளாறு' என்ற சொல் வாயில் வரக்கூடாது.

2. புது அச்சுக்கு நான்கு நாள். கார்னிவலுக்குச் சுவர் மொட்டையாகத்தான் இருக்கும். அதையும் அப்போதே சொல்வது.

3. பன்னிரண்டையும் இறக்குவது. நானே.

4. என்னை அனுப்பிவிட்டால், திருத்திய கோப்பை ஃபோட்டிஸிடம் கொடுத்துவிட்டுப் போவது.