மலைப்பாதையின் முதுகுப்பக்கம்

அண்ணா,

நீங்கள் தைத்த படம் என் மேசைமேல் குப்புறக் கிடக்கிறது. அண்ணி இப்போதுதான் ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனார்கள். என் பிரேம் கடையைச் சாத்தலாம் என்று எழுந்தேன். மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் துணியின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மதியம் அண்ணி படத்தைச் சேலையில் சுற்றி எடுத்துவந்தார்கள். வெள்ளையடிக்கக் கழற்றும்போது விழுந்து கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதாம். "ஞாயித்துக்கெழம அவருக்குப் படையல் கண்ணு. அதுக்குள்ள புதுக் கண்ணாடி போட்டுக் குடு" என்றார்கள். கண்ணாடி மாற்ற முதுகுப் பக்கத்தைப் பிரிக்க வேண்டும். அந்த முதுகில் நான் செய்த வேலை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு வலது கை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டியரிங்கை விட்ட வருஷம் அது. விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். பூவேலை போட அண்ணியின் ஊசியை எடுத்துக்கொண்டீர்கள். செம்மேடு பஸ் ஸ்டாண்டில் உங்கள் பழைய கண்டக்டர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

"டிரைவரே, எனக்கொரு தலகாணி ஒறை போடுங்க, ரெண்டு மயிலு வெச்சு!"

"உனக்கெதுக்குடா மயிலு? கொரங்கு போட்டுத் தாரேன்."

நீங்கள் போட்டது மயிலுமில்லை, குரங்குமில்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கி மேலே சோளக்காடு வரைக்கும் மலைப்பாதை. எழுபது வளைவும் கறுப்பு நூலில். நடுவில் ஒரு வளைவில் மட்டும் சின்ன மஞ்சள் புள்ளி. என்னங்கண்ணா அது என்றேன். "அது நீ வாந்தி எடுத்த எடம் அம்மிணி" என்றீர்கள். கல்யாணமாகி முதன்முதலாக மலையேறியது உங்கள் பஸ்ஸில்தானே. புதுப்பெண் என்று முன்சீட்டில் உட்கார வைத்தீர்கள். நான் மாலையும் கழுத்துமாக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். பஸ்ஸை நிறுத்தி ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தீர்கள். அந்தப் பழத்தை நான் நாலு நாள் வைத்திருந்தேன், முகர்ந்து பார்க்க. மாமியார் அதைச் சாமி பழமென்று நினைத்து விளக்கு மாடத்தில் வைத்துவிட்டார்கள். அது வேறு கதை.

சட்டம் போடக் கொண்டுவந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "பசை போட்றாத அம்மிணி. பசை துணியத் தின்னுரும். கயித்துக் கட்டலு பின்னற ஊட்டுப் புள்ளதான நீ? அது மாதிரி கோத்து இழு."

எனக்குத் தெரியாத வேலை இல்லை. அட்டைமேல் துணியை விரித்து ஓரங்களைப் பின்னால் மடிக்க வேண்டும். மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் மாற்றி மாற்றி நூலைக் கோத்து இழுக்க வேண்டும். பிறகு இடமும் வலமும் அதே மாதிரி. முன்பக்கம் பறைத்தோல் மாதிரி விறைத்து நிற்கும். ஆனால் அரை நாள் பிடிக்கும். அந்த வாரம் கடை நிறையக் கல்யாணப் படங்கள். நாலு இழை கோத்தேன், பொறுமை போய்விட்டது. உருவி எறிந்துவிட்டுப் பசையைத் தடவி ஒட்டினேன். மேலே பழுப்புக் காகிதத்தை ஒட்டி மூடினேன்.

"கோத்தியா அம்மிணி?"

"கோத்துட்டனுங்கண்ணா."

அதற்குப் பிறகு மூன்று வருஷம், சந்தை நாள் தவறாமல் வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். வருகிறவர்களிடமெல்லாம், "துணிய இழுத்துக் கோக்கறதுன்னா எங்க அம்மிணிதான்" என்பீர்கள். நான் கண்ணாடி அறுப்பதுபோல் குனிந்துகொள்வேன். உங்கள் பேச்சைக் கேட்டுச் சோளக்காட்டிலிருந்துகூடப் பூவேலைத் துணிகள் வந்தன. அவர்களுடையதில் ஒன்றைக்கூட ஒட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும் கோத்தேன்.

இன்றைக்கு அண்ணியை வெளியே அனுப்பப் பார்த்தேன். "போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"எனக்கு டீயும் வேண்டா, காப்பியும் வேண்டா. நீ ஆணியப் புடுங்கு."

பிடுங்கினேன். காகிதத்தைக் கிழித்தேன்.

கோத்திருந்தது.

சாக்கு தைக்கிற நூல். ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு, ஒன்று சாய்ந்து இன்னொன்றின் மேல் ஏறி. அப்படி நடுங்குகிற கை இந்த மலையில் ஒன்றுதான் இருந்தது. மடிப்பில் என் பசை பொருக்குப் பொருக்காக மஞ்சளாய் ஒட்டியிருந்தது. பிளேடால் சுரண்டிய தடம். அந்தக் காய்ந்த பசையைத் துளைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊசித் துளை. நல்ல கைக்கே ஊசி ஒடியும் இடம் அது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணி சொன்னார்கள். "அதையேன் கேக்கற. மாட்டுன வருசமே, மொத மழைக்குத் துணி உப்பிருச்சுன்னு அவுத்துப் போட்டு ஒக்காந்துட்டாரு. பன்னெண்டு நாளு. ஊசி ஒடஞ்சுது, வெரல்ல குத்திக்கிட்டாரு. என்னத்துக்குங்கன்னு கேட்டா, 'ஈரத்துக்கு நூலு தளந்துரும், நாமளே அவுத்து இழுத்துக் கட்டிக்கோணும்னு அம்மிணி சொல்லியிருக்கு'ன்னாரு. நீதான சொன்ன?"

முதல் மழைக்கே. அப்படியென்றால் அந்த மூன்று வருஷமும், ஒவ்வொரு சந்தை நாளும், எல்லாம் தெரிந்துதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். தெரிந்துதான் "எங்க அம்மிணி" என்றீர்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது அண்ணா.

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. முடியவில்லை.

"இல்லீங்கண்ணி. நான் அப்படிச் சொல்லல. நான் கோக்கவே இல்ல. பசை போட்டு ஒட்டிப்போட்டு, அண்ணங்கிட்டக் கோத்தேன்னு பொய் சொன்னேன்."

திட்டுவார்கள் என்று குனிந்து நின்றேன். அண்ணி உங்கள் நூலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்கள். பிறகு மெதுவாக, "அப்ப அவரு எங்கிட்டப் பொய் சொல்லியிருக்காரு" என்றார்கள். "கட்டிக்கிட்டு வந்ததுலருந்து அந்த மனுசன் எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லன்னு நெனச்சிட்டிருந்தேன் கண்ணு."

என் பாரம் இறங்கட்டும் என்று வாயைத் திறந்தேன். அது போய் இறங்கிய இடத்தைப் பார்த்தீர்களா?

"தளந்த எடத்த இழுத்துக் கட்டட்டுங்களா?" என்றேன்.

"வேண்டா. அவரு கட்டுனபடியே இருக்கட்டும்."

பஸ் ஹாரன் கேட்டது. அண்ணி எழுந்து வாசல்வரை போனவர்கள் திரும்பி நின்றார்கள்.

"அவரு எங்கிட்டச் சொன்ன பொய்யி இது ஒண்ணுதான இருக்கும்?"

"ஒண்ணுதானுங்கண்ணி" என்றேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் அண்ணா? தெரியாமல்தான் சொன்னேன். நீங்கள் வந்து அதற்குச் சாட்சி சொல்லப்போவதில்லை. நான் இருக்கிற வரைக்கும் அந்தச் சொல்லை நான்தான் சுமக்க வேண்டும்.